விடை கேட்டு நின்றவர்கள்

மகத நாட்டின் எல்லையில் கலகம் மூண்டது. அடக்கிவிட்டு வரும்படி மன்னன் பிம்பிசாரன் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிட்டான். புறப்படும் நேரத்தில் பெயர்பெற்ற வீரர்கள் சிலரைக் காணவில்லை. போரை விரும்பிப் போய்ப் பாவத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோமே என்ற எண்ணம் அவர்களை அரித்திருந்தது. இதிலிருந்து விலக என்ன வழி என்று யோசித்தவர்கள், நேரே பிக்குகளிடம் போய்த் துறவு கேட்டார்கள். பிக்குகளும் கொடுத்துவிட்டார்கள்.

படைத்தலைவர்கள் கொதித்துப்போனார்கள். அரசனின் ஊழியனுக்குத் துறவு கொடுத்தவனுக்கு என்ன தண்டனை என்று பிம்பிசாரன் தன் நீதிமான்களைக் கேட்டான். துறவு தந்த குருவின் தலையை வெட்ட வேண்டும், சடங்கு வாசகம் சொன்னவனின் நாக்கை அறுக்க வேண்டும், உடன் கூடியிருந்தவர்களின் விலா எலும்பை ஒடிக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். பிம்பிசாரன் புத்தரிடம் பக்தி கொண்டவன், அப்படியெல்லாம் செய்யவில்லை. புத்தரிடமே போய், பக்தியில்லாத மன்னர்களும் இருக்கிறார்கள், இதையே காரணமாக வைத்து அவர்கள் பிக்குகளைத் துன்புறுத்தக்கூடும் என்று எடுத்துச் சொன்னான். அதன்பின் புத்தர் ஒரு விதி செய்தார்: அரச சேவையில் இருப்பவனுக்குத் துறவு தரக் கூடாது. பாலி விநய பிடகத்தின் மகாவக்கம் இந்தக் கதையைச் சொல்கிறது. சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு விதிகள் வருகின்றன. கடன்பட்டவனுக்கும் துறவு கிடையாது. அடிமைக்கும் கிடையாது.

அந்த வீரர்கள் சோம்பேறிகள் அல்ல, தொழிலில் கெட்டிக்காரர்கள். சம்பளக் குறையோ மேலதிகாரியோடு சண்டையோ அவர்களை விரட்டவில்லை. செய்கிற வேலையே தவறு என்று மனம் சொன்னது, அவ்வளவுதான். அப்படி மனம் சொன்னதை மதம் முதலில் ஏற்றுக்கொண்டது. பிறகு அரசு குறுக்கே வந்ததும் கதவைச் சாத்தியது. படைவீரன், கடனாளி, அடிமை என, வெளியேறும் வழி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கு எதிரே அது சாத்தப்பட்டது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே சங்கம்தான் சாக்கியர்களின் நாவிதரான உபாலியைச் சேர்த்துக்கொண்டது. அதுவும் அவரோடு வந்த சாக்கிய இளவரசர்களுக்கு முன்னதாகவே அவருக்குத் துறவு தந்தது. நேற்றுவரை தங்களுக்கு முடிதிருத்தியவரை இளவரசர்கள் வணங்க வேண்டியிருந்தது. புத்தருக்குப் பின் ராஜகிருகத்தில் கூடிய முதல் மாநாட்டில் விநயம் முழுவதையும் ஒப்பித்தவர் உபாலி.

வேலையில் ஒருவருக்கு ஏற்படும் நிறைவின்மை அவர் மனத்தின் குறையா? அல்லது மனம் கண்டுகொண்ட உண்மையா? மதங்கள் இரண்டு பதிலையும் சொல்லியிருக்கின்றன. எந்தப் பதிலை யாரிடம் சொன்னார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பிடிக்காத வேலையை விட்டுவிட நினைக்கும் பிள்ளைக்குத் தமிழ் வீடுகளில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: கிடைத்ததில் திருப்திப்படு. கடமையையும் பலனையும் பற்றிய கீதைச் சுலோகம் ஒன்று எல்லோர் நாவிலும் தயாராக இருக்கும். காலண்டரில், பள்ளிச் சுவரில், அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் அது இருக்கிறது. ஆனால் அந்தச் சுலோகம் எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. வேலையை விட விரும்பிய ஒருவனுக்குத்தான் கீதை முழுவதும் சொல்லப்படுகிறது. குருமார்களைக் கொன்று வாழ்வதைவிடப் பிச்சையெடுத்து உண்பது மேல் என்கிறான் அர்ஜுனன். மகதத்து வீரர்கள் சொன்னதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

கண்ணனின் பதில் அவனைப் போருக்குத் திருப்புகிறது. பிறர் கடமையைச் சிறப்பாகச் செய்வதைவிடத் தன் கடமையைக் குறையோடு செய்வது மேல் என்று மூன்றாம் அத்தியாயமும் பதினெட்டாம் அத்தியாயமும் வலியுறுத்துகின்றன. கூடவே பிறந்த தொழிலைக் குற்றம் இருந்தாலும் விடக் கூடாது, குற்றமில்லாத தொழில் எதுவுமே இல்லை என்றும் வருகிறது. நால்வருணத்தாரின் தொழில்கள் பட்டியலிடப்படும் இடத்தை ஒட்டியே இது வருவதால், இதன் சமூகப் பொருளை மறைக்க முடியாது. ஆனால் எல்லாம் சொல்லி முடிந்தபின், பதினெட்டாம் அத்தியாயத்தின் பிற்பகுதியில், கண்ணன் அர்ஜுனனிடம் சொல்வதைக் காலண்டர்கள் அச்சிடுவதில்லை. நான் சொன்னதையெல்லாம் முழுமையாக ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பம் எதுவோ அப்படியே செய் என்கிறான். சற்று முன்னர்தான், நீ மறுத்தாலும் உன் இயல்பே உன்னைப் போரிட வைத்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறான். இரண்டும் ஒன்றோடொன்று முட்டத்தான் செய்கின்றன. இருந்தாலும் அறிவுரையின் முடிவில் தேர்வு அர்ஜுனன் கையில் விடப்படுகிறது. தேரைத் திருப்பிக்கொண்டு காட்டுக்குப் போக அவனால் முடியும். அப்படிப் போயிருந்தால் அவன் குடும்பம் அன்று இரவு பட்டினி கிடந்திருக்காது. பற்றின்றிச் செய் என்ற போதனை, போகவும் இருக்கவும் சுதந்திரம் உள்ள ஒருவனுக்குச் சொல்லப்பட்டது.

அந்தச் சுதந்திரம் இல்லாத ஒருவரையும் மகாபாரதம் காட்டுகிறது. வனபருவத்தில் மார்க்கண்டேயர் யுதிஷ்டிரனுக்குச் சொல்லும் கதை அது. கௌசிகன் என்ற தவசி தன்மேல் எச்சமிட்ட கொக்கைப் பார்வையாலேயே எரிக்கிறான். பிறகு பிச்சைக்குப் போன வீட்டில், கணவனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த பெண் அவனைக் காக்கவைக்கிறாள். அவன் சினக்க, நான் கொக்கு அல்ல என்கிறாள். தமிழ்நாட்டில் இதே கதை கொங்கணவரும் வள்ளுவர் மனைவி வாசுகியுமாக வழங்குகிறது. அந்தப் பெண், தர்மம் அறிய வேண்டுமானால் மிதிலைக்குப் போய் ஓர் இறைச்சிக் கடைக்காரரைப் பார் என்று அனுப்புகிறாள்.

கூட்டத்துக்கு நடுவே மான் இறைச்சியும் எருமை இறைச்சியும் விற்றுக்கொண்டிருக்கும் அந்த வியாதரைக் கண்டதும் கௌசிகனுக்கு மனம் தாங்கவில்லை. உங்களைப் போன்ற ஒருவருக்கு இந்தக் கொடுந்தொழில் பொருந்தவில்லை என்று சொல்லிவிடுகிறான். வியாதர் மறுக்கவில்லை. தொழில் கொடியதுதான் என்று ஒத்துக்கொள்கிறார். முன்னோர் வழியாக வந்த தொழில், தான் கொல்வதில்லை, உண்பதில்லை, விற்பது மட்டுமே என்கிறார். முற்பிறவியின் வினை இது என்றும் விளக்குகிறார். முற்பிறவியில் வேதம் கற்ற பிராமணராக இருந்தவர், வேட்டையில் தவறுதலாக ஒரு முனிவர்மேல் அம்பு பாய்ந்து சாபம் பெற்றாராம். பிறகு கௌசிகனை வீட்டுக்குள் அழைத்துப்போய்த் தன் முதிய தாய்தந்தையரைக் காட்டுகிறார். இவர்களே என் தெய்வங்கள் என்கிறார்.

இந்திய இலக்கியத்தில் உழைப்பாளி ஒருவர் கற்றவருக்கு ஆசானாக நிற்கும் இடங்களில் இதற்கு இணையானது குறைவு. கடையில் இல்லாத நிறைவை அவர் வீட்டில், பெற்றோரின் கட்டிலருகில் கண்டுகொண்டார். வேலை வெறும் பிழைப்பாகவும் வாழ்வின் சாரம் வேறொன்றாகவும் இருக்கலாம் என்பதை இவ்வளவு அழகாகச் சொன்ன கதை வேறு இல்லை. ஆனால் இந்தக் கதை ஒரு கேள்வியை அணுகவே மறுக்கிறது. இவ்வளவு ஞானம் உள்ள மனிதர், கொடியது என்று தானே சொல்லும் தொழிலை ஏன் விட முடியவில்லை? சாபம் என்பது கதையின் பதில். அந்தக் கதைக்கு வெளியே, அதே நிலையில் தலைமுறை தலைமுறையாக நின்றவர்களுக்குச் சாபம் கொடுத்த முனிவர் யார்?

இந்தக் கேள்வியை நேருக்கு நேராகக் கேட்டவர் அம்பேத்கர். லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்பு அமைப்பு 1936இல் தன் மாநாட்டுக்குத் தலைமையேற்க அவரை அழைத்தது. எழுதி அனுப்பிய உரையைப் படித்தபின் அழைப்பு நின்றுபோனது. அவர் அதைத் தம் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் அவை தீர்ந்துபோயின. தமிழில் பெரியார் அதை வெளியிட்டார். அந்த உரையில் அம்பேத்கர் தீண்டாமையைப் பற்றி மட்டும் பேசவில்லை. வேலையில் ஏற்படும் வெறுப்பைப் பற்றியும் பேசினார். சாதி வேலைகளைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்றார். இழிவாகக் கருதப்படும் தொழிலில் பிறப்பால் தள்ளப்பட்டவருக்கு அந்தத் தொழில்மேல் வெறுப்பும் தப்பிக்கும் ஏக்கமுமே எஞ்சும், மனமும் அறிவும் ஈடுபடாத இடத்தில் திறமை எப்படி வளரும் என்று கேட்டார். தொழில் மாற முடியாததால் வேலையின்மையும் பெருகுகிறது என்றார். இன்றைய மேலாண்மை நூல்கள் பணியாளர் ஈடுபாடு என்று பேசுவதை, 1936இலேயே, மிகக் கடினமான உதாரணத்தை எடுத்துக்கொண்டு பேசியவர் அவர்.

காந்தி தம் ஹரிஜன் இதழில் பதில் எழுதினார். முன்னோர் தொழிலைச் செய்து பிழைப்பதே வருண தர்மம், அதில் உயர்வு தாழ்வு இல்லை, தோட்டியின் வேலையும் பிராமணரின் வேலையும் கடவுள்முன் சமம் என்பது அவர் நிலை. அம்பேத்கரின் மறுமொழி கூர்மையானது. காந்தி பிறப்பால் வணிகர். அவருடைய முன்னோரே வணிகத்தை விட்டுத் திவான் வேலைக்குப் போனவர்கள். அவரோ தராசைத் தொடாமல் வழக்கறிஞரானார், பிறகு அதையும் விட்டார். அவருடைய இளைய மகனோ பத்திரிகை வேலையைத் தேர்ந்துகொண்டார் என்று சுட்டினார். முன்னோர் தொழிலின் புனிதத்தைப் போதிப்பவர் வாழ்நாள் முழுவதும் தமக்குப் பிடித்த தொழிலைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தார் என்பதே அதன் பொருள். காந்தி பின்னாளில் தம் கருத்துகளில் பலவற்றை மாற்றிக்கொண்டார். ஆனால் அந்த வாதம் அன்று ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது. நிறைவைப் போதிக்க ஒருவருக்கு உரிமை வேண்டுமானால், கேட்பவருக்கு வெளியேறும் வழி திறந்திருக்க வேண்டும். அது அடைபட்டிருக்கும்போது சொல்லப்படும் திருப்தி, ஆன்மிகம் ஆகாது.

தமிழ்நாட்டில் இந்த வாதம் 17 ஆண்டுகள் கழித்து வகுப்பறைக்குள் வந்தது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி கிராமப் பிள்ளைகள் பாதிப் பொழுது பள்ளியில் படிக்க வேண்டும். மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கும் கட்டடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டு இருமடங்கு பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காரணத்தில் உண்மையும் இருந்தது. ஆனால் குலக்கல்வி என்று பெயர் சூட்டி நாடே எதிர்த்தது. ராஜாஜி விலகினார், 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. சவரக்கத்தியையும் வெளுக்கும் கல்லையும் அடுத்த தலைமுறையின் கையிலும் கொடுக்கும் ஏற்பாடு என்றே எதிர்த்த பெற்றோர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் கேட்டது பெரிய வேலை அல்ல, வேறொரு வேலையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு.

இது இந்து சமயத்துக்கு மட்டும் உரிய சிக்கல் என்று நினைத்தால் தவறு. ஐரோப்பாவில் எல்லா வேலையையும் புனிதமாக்கியவர் மார்ட்டின் லூதர். மடத்துத் துறவியின் செபம் உயர்ந்தது, செருப்புத் தைப்பவரின் வேலை தாழ்ந்தது என்ற எண்ணத்தை உடைத்து, வீட்டைப் பெருக்கும் பணிப்பெண்ணும் கடவுளுக்கே ஊழியம் செய்கிறாள் என்றார். எத்தனையோ சாதாரண மனிதர்களுக்கு அந்தச் சொல் முதுகை நிமிர்த்திவிட்டது. 1525 மார்ச்சில் தெற்கு ஜெர்மனியின் மெமிங்கன் நகரில் விவசாயிகள் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள். கிறிஸ்து எங்களையும்தான் மீட்டார், ஆகவே பண்ணையடிமை முறையிலிருந்து எங்களை விடுவியுங்கள் என்பது மூன்றாவது கோரிக்கை. லூதர் அதை ஏற்கவில்லை. கிறிஸ்தவ விடுதலை ஆன்மாவுக்கு உரியது, அதை உடலுக்குரியதாக ஆக்கக் கூடாது, அடிமையாக இருந்துகொண்டே ஒருவர் நல்ல கிறிஸ்தவராக இருக்க முடியும் என்றார். உழைப்பைக் கடவுளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவரே, உழைப்பவர் நிலம் விட்டுப் போக விரும்பியபோது வழியை மறித்தார். மனிதரைவிட ஒழுங்கைப் பெரிதாக எண்ணும் எந்தச் சமயத்திலும் இது நடக்கும்.

தமிழ் மண்ணின் பக்தி மரபு இதை வேறு விதமாக அணுகியது. சேக்கிழார் சோழ அரசின் அமைச்சர். அவர் எழுதிய பெரியபுராணத்தில் குயவர், வண்ணார், மீனவர், நெசவாளர், எண்ணெய் ஆட்டுபவர் எல்லோரும் நாயன்மார்கள். அவர்கள் தொழிலை விட்டுவிட்டுப் பக்தி செய்யவில்லை, தொழிலுக்குள்ளேயே செய்தார்கள். நாகப்பட்டினக் கடற்கரையின் அதிபத்தர் வலையில் படும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். மீனே கிடைக்காத நாள்களில் ஒரே ஒரு மீன் பட்டாலும் அதையும் விட்டார். திருவொற்றியூர்க் கலியர் செக்காட்டிய எண்ணெயில் கோயில் விளக்கெரித்தார். இந்தச் செயல்களில் கவனிக்க ஒன்று உண்டு. முதல் மீனை விடச் சொல்லி யாரும் அதிபத்தருக்குக் கட்டளையிடவில்லை. தம் உழைப்பின் பலனில் ஒரு பங்கை என்ன செய்வது என்று முடிவுசெய்யும் உரிமை அவர் கையில் இருந்தது. அங்கேதான் வேலை வழிபாடானது.

கன்னட நாட்டில் சரணர்கள் எனப்பட்ட 12ஆம் நூற்றாண்டுச் சிவனடியார்கள் இதை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோனார்கள். கைலாசம் வேறெங்கும் இல்லை, நேர்மையாகச் செய்யும் உழைப்பில்தான் இருக்கிறது என்றார் ஆய்தக்கி மாரய்யா. சிந்திய அரிசியைப் பொறுக்கிப் பிழைத்தவர் அவர். ஒரு நாள் வழக்கத்தைவிட அதிகமாக அரிசி கொண்டுவந்தபோது, தேவைக்கு மேல் எதற்கு, போய்க் கொட்டிவிட்டு வாருங்கள் என்று மனைவி லக்கம்மா திருப்பியனுப்பினார். பேராசையால் வரும் நிறைவின்மைக்கு அவர் சொன்ன பதில் இது. சொன்னவரும் அரிசி பொறுக்கியவர் என்பதால்தான் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு எடை.

நந்தன் கதையில் இந்த மரபே தன் எல்லையைச் சந்திக்கிறது. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் எனப்படும் நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். தான் தோல் கொடுத்த முரசு ஒலிக்கும் கோயிலுக்குள் அவர் போக முடியாது. அவரைத் தடுத்தது பிறப்பு. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அதே கதையைக் கீர்த்தனையாக்கியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தார்: நந்தனை வேலைக்கு வைத்திருக்கும் வேதியர். இந்த நந்தன் பண்ணையாள். சிதம்பரம் போய்வர ஆண்டையிடம் விடை கேட்டுக் கேட்டு நிற்கிறான். கடைசியில், நாற்பது வேலி நிலத்தின் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. சிவகணங்கள் ஒரே இரவில் முடித்துக் கொடுக்கின்றன. தஞ்சைப் பண்ணைகளைக் கண்ணால் கண்ட பாரதிக்கு, நந்தனின் துயரம் கோயில் வாசலில் தொடங்கவில்லை, வயலிலேயே தொடங்கிவிட்டது என்பது தெரிந்திருந்தது. லீவு கிடைக்காத கூலியாளின் கதையாக அவர் அதை மாற்றியதால்தான் ஊர் ஊராக மக்கள் அதைக் கேட்டு அழுதார்கள். இரண்டு கதையிலும் நந்தன் நெருப்பில் இறங்கித்தான் தில்லைக்குள் போக வேண்டியிருக்கிறது. அவருடைய பக்தியை மதித்த மரபு, அவர் உடலோடும் பிறப்போடும் அப்படியே நுழைவதை ஏற்கவில்லை. இதைப் புனிதம் என்று கடந்துபோக முடியவில்லை.

வேலையின் இந்த அகத்தைத் தத்துவம் படித்த ஒருவர் உடலாலேயே ஆராய்ந்ததும் உண்டு. பிரெஞ்சுப் பள்ளியொன்றில் தத்துவ ஆசிரியையாக இருந்த சிமோன் வெய், விடுப்பு எடுத்துக்கொண்டு 1934 டிசம்பரில் பாரிஸின் அல்ஸ்தோம் தொழிற்சாலையில் கூலித் தொழிலாளியாகச் சேர்ந்தார். இடைவெளிகளோடு 1935 ஆகஸ்ட் வரை மூன்று ஆலைகளில் வேலை செய்தார், கடைசியாக ரெனோ. நாட்குறிப்பும் எழுதினார். உருப்படிக் கணக்கில் கூலி தரும் இடத்தில், யோசிக்க நின்றால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் கூலி போகும். ஆகவே தொழிலாளி யோசிப்பதையே நிறுத்திவிடுகிறார். உடல் வலியைவிட அவரை உலுக்கியது இதுதான். ஒரு நாள் பல் மருத்துவரிடமிருந்து வெளியே வந்து பேருந்தில் ஏறியபோது, அடிமையான தனக்கும் மற்றவர்களைப் போல இதில் ஏற உரிமை உண்டா என்று தன்னையறியாமல் எண்ணியதாக எழுதியிருக்கிறார். அடிமைத்தனத்தின் முத்திரை தன்மேல் விழுந்துவிட்டது என்றார். அதன்பின் போர்ச்சுகலின் ஒரு மீனவக் கிராமத்தில் பெண்களின் வழிபாட்டு ஊர்வலத்தைக் கண்டபோதுதான் கிறிஸ்தவத்தின்பால் அவர் மனம் திரும்பியது. 34 வயதில், 1943இல் மறையும் வரை, உடலுழைப்பைச் சமூகத்தின் ஆன்மிக மையமாக வைக்க வேண்டும் என்று எழுதினார். அதற்காக அவர் தொழிலாளியிடம் பொறுமையைக் கேட்கவில்லை. இயந்திரத்தையும் வேகத்தையும் கூலி முறையையும் மாற்றச் சொன்னார். கவனம் செலுத்த இடம் தராத வேலையில் கடவுளுக்கும் இடமில்லை என்பதே அவர் கண்டது.

இன்றைய அலுவலக வேலையின் வெறுமை வேறு வகை. மானுடவியலாளர் டேவிட் கிரேபர், நல்ல சம்பளம் வாங்கியும் தங்கள் வேலையால் யாருக்கும் பயனில்லை என்று நம்புகிறவர்களைப் பற்றி 2013இல் ஒரு கட்டுரை எழுதினார். 2015இல் பிரிட்டனில் யூகவ் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 37 சதவீதம் பேர், தங்கள் வேலை உலகத்துக்கு உருப்படியாக எதையும் தருவதில்லை என்றார்கள். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன குறை என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. பிறருக்குப் பயன்பட வேண்டும் என்ற ஏக்கம் வயிற்றுப் பசியைப் போலவே மெய்யானது. பற்று நீக்கச் சொல்லும் போதனை இவர்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடும். பதவி, பெயர், அடுத்த வீட்டாரின் மதிப்பு ஆகியவற்றின்மீது வைத்த பற்று தளர்ந்தால்தான், குறைந்த சம்பளத்தில் நிறைந்த வேலைக்குப் போகும் துணிவு வரும்.

அப்படிப் போனவர்களும் தனியாகப் போகவில்லை. சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்த கணித மேதை ராமானுஜன், அடுத்த ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு வாங்கும் எழுத்தர் என்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டார். அவருடைய மேலதிகாரி நாராயண ஐயர் தாமே கணிதம் தெரிந்தவர்; கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் அவருக்காகப் பேசியவர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. பிறகும் ஒரு தடை இருந்தது. கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து மகனைத் தடுக்காதே என்று சொன்னதாக அவருடைய அம்மா கோமளத்தம்மாள் சொன்னபின்தான் அந்தத் தடை விலகியது. 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார். மதம் போட்ட தடையை மதத்தின் மொழியாலேயே ஒரு தாய் விலக்கிவிட்டார். பிள்ளையின் வேலை மாற்றத்துக்கு அஞ்சும் பெற்றோர் எவருக்கும் கோமளத்தம்மாளின் அந்த முடிவு யோசிக்கத் தக்கது.

இனி, போகக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் உனா அருகே, இறந்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்கள் நால்வர் கட்டிவைத்து அடிக்கப்பட்டார்கள். செத்த மாட்டை அகற்றுவது அவர்கள்மேல் ஊர் சுமத்திய வேலை. அந்த வேலையைச் செய்ததற்கே அடி. பதிலாக, சுரேந்திரநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் மாட்டுச் சடலங்கள் கொண்டுவந்து போடப்பட்டன. இனி நாங்கள் அகற்ற மாட்டோம் என்று பல ஊர்களில் தலித்துகள் அறிவித்தார்கள். 2018 ஏப்ரலில் அடிபட்ட குடும்பத்தினர் நூற்றுக்கணக்கானோரோடு தங்கள் ஊரிலேயே பௌத்தம் தழுவினார்கள். வேலையை விட்டதும் மதத்தை விட்டதும் அவர்களுக்கு இரண்டு முடிவுகள் அல்ல.

விடுவது மட்டுமே வழி என்றும் இல்லை. சாவு வீட்டில் பறை அடிக்க மறுத்துத் தமிழ்நாட்டில் பலர் அடி வாங்கியிருக்கிறார்கள். அதே பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் தோளில் மாட்டி, மேடையில் தலைநிமிர்ந்து அடிக்கிறார்கள். தோலும் குச்சியும் அடவும் மாறவில்லை. கூப்பிட்டால் வர மாட்டேன் என்று சொல்ல முடிகிற கை அடிக்கிறது; அந்த வித்தியாசம் ஒலியிலேயே கேட்கிறது.

கழிவுநீர்க் குழிகளில் இறங்குகிறவர்களுக்கு அந்த மறுப்பு இன்னும் வாய்க்கவில்லை. மனிதர் கையால் மலம் அள்ளுவதை 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் தடை செய்தன. துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் போராடும் பெஸ்வாடா வில்சனின் சபாய் கர்மசாரி ஆந்தோலன் 2015 டிசம்பரில் அசாமின் திப்ரூகரிலிருந்து புறப்பட்டு 125 நாள் பயணம் செய்து, எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று கேட்டபடி டில்லி வந்து சேர்ந்தது. குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரும்படி 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கையால் மலம் அள்ளுபவராகக் கண்டறியப்பட்டு அந்த வேலையை விட்டு வெளியேறுபவருக்கு அரசு தரும் உடனடி உதவித்தொகை 40,000 ரூபாய். சுயதொழில் கடனுக்கு மானியமும் பயிற்சியும் உண்டு. அவை கைக்கு வந்து சேரும்வரை அந்தக் குடும்பம் தாக்குப்பிடிக்க வேண்டும். உழைப்பின் புனிதத்தைப் பேசும் மடங்களிடமும் ஆதீனங்களிடமும் திருச்சபைகளிடமும் நிலம் இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன, வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரம் இருக்கிறது. வெளியேற நினைக்கும் ஒரு குடும்பத்துக்கு முதல் ஆறு மாதச் சம்பளத்தையும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடத்தையும் அவை தரத் தொடங்கலாம்.